பேக்கரின் ஒற்றைவெடித் துவக்கும் அதன் பின்னால் நடந்தவர்களும்

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் உலக முடிவைப் பார்த்துவிட்டு பேக்கர் நீர்வீழ்ச்சியடியிலும் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். பூண்டுலோயா, தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அது பழகிய சுற்றுலா இடம். யார் இந்த பேக்கர் என்று கேட்டால் நுவரெலியாவில் வெள்ளைக்காரக் குடியிருப்பை அமைத்தவர், நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனவர், பெரிய வேட்டைக்காரர் என்று சொல்வார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் சாமுவேல் வைட் பேக்கரின் வாழ்க்கையை அவருடைய துவக்கிலிருந்து தொடங்கினால்தான் மற்றவை விளங்கும். இலங்கையைப் பற்றி அவர் எழுதிய முதல் நூலின் தலைப்பில்கூட ரைபிளும் வேட்டை நாயும் முதலில் வருகின்றன, இலங்கை கடைசியில்தான் வருகிறது.

பேக்கர் 1821ஆம் ஆண்டு யூன் 8ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தகப்பனார் கப்பல்கள் வைத்திருந்த வணிகர். ஜமேய்க்காவிலும் மொரிஷியஸிலும் குடும்பத்துக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அந்தக் காலத்துக் கரும்புச் செல்வம் எவருடைய உழைப்பில் வந்தது என்பதை விளக்கத் தேவையில்லை. மொரிஷியஸில் அடிமை முறை 1835இல் ஒழிக்கப்பட்டபோது, அந்த இடத்தை நிரப்பக் கொண்டுபோகப்பட்ட இந்தியக் கூலிகளில் தமிழர்களும் இருந்தார்கள். பையன் சாமுவேலுக்குப் படிப்பிலும் கணக்குப் புத்தகத்திலும் மனம் ஒட்டவில்லை. ஒட்டியது துவக்கில்.

1840இல், 19 வயதில், பிரிஸ்டல் நகரத்துத் துவக்குக் கம்மியர் கிப்ஸ் என்பவரிடம் போய்த் தனக்கென்று ஒரு ரைபிள் செய்யச் சொன்னார். கடையில் தொங்கிய எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. எடை 21 இறாத்தல், குழலின் நீளம் 36 அங்குலம். ஒரே குழல். ஒரு தடவை மருந்திட்டால் ஒரு வெடி மட்டும். அதற்குப் போடும் சன்னம் 3 அவுன்ஸ், கருமருந்து 16 டிராம், அதாவது ஒரு முழு அவுன்ஸ்.

இந்த எண்களை நமக்குத் தெரிந்த ஒன்றோடு வைத்துப் பார்க்கலாம். துவக்கு என்றதும் ரி-56ஐ நினைக்கிற தலைமுறை நாங்கள். அது ஏறத்தாழ 4 கிலோ எடை, அதன் சன்னம் 8 கிராம் அளவு. பேக்கரின் துவக்கு ஒன்பதரை கிலோ, சன்னம் 85 கிராம். பத்து மடங்குக்கும் மேல். அதைத் தோளில் வைத்துச் சுட்டால் கிடைக்கும் உதையை ஒருவர் தாங்கியதே அந்த எடையினால்தான். துவக்கு பாரமாக இருக்க இருக்க உதை குறையும். அவர் பாரத்தைக் கேட்டு வாங்கினார் என்பதற்கு இதுதான் காரணம். ஆளும் நல்ல உடற்கட்டு உள்ளவர்.

அவர் தீர்க்க முயன்ற சிக்கல் ஒன்று இருந்தது. ரைபிள் என்றால் குழலின் உட்புறத்தில் திருகாணி மரைபோலப் பள்ளம் வெட்டிய துவக்கு. அந்த மரை சன்னத்தைச் சுழற்றி விடுவதால் அது நேராகப் போகும். மரையில்லாத குழலில் சன்னம் எந்தப் பக்கம் விலகும் என்று சுடுகிறவருக்கே தெரியாது. ஆனால் மரைக்கும் ஒரு விலை உண்டு. மருந்தைக் கூட்டினால், மெதுமையான ஈயச் சன்னம் மரையைப் பற்றிப் பிடிக்க முன்னரே வழுக்கிக்கொண்டு வெளியே பாய்ந்துவிடும். பிறகு ரைபிளுக்கும் சாதாரணத் துவக்குக்கும் வித்தியாசமில்லை. இதற்காக அந்நாள் கம்மியர்கள் ரைபிளுக்கு மருந்தைக் குறைத்தே வைத்தார்கள். பலகையில் குறி சுடுகிறவருக்கு அது போதும். பலகையை எந்த வேகத்தில் அடித்தாலும் ஓட்டை ஓட்டைதான், பலகை திரும்பி ஓடிவந்து மிதிக்காது.

பேக்கருக்கு அது போதவில்லை. குழலுக்குள் பல சிறு பள்ளங்களுக்குப் பதிலாக ஆழமான இரண்டே பள்ளங்களை வெட்டச் செய்தார். சன்னத்தைச் சுற்றி அரைஞாண்போல ஒரு விளிம்பு வைத்து வார்ப்பித்தார். அந்த விளிம்பு இரண்டு பள்ளங்களிலும் இறங்கி உட்காரும். எவ்வளவு மருந்து போட்டாலும் வழுக்காது. இந்த இரட்டைப் பள்ள முறையை பேக்கர் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. 1837இலேயே பிரித்தானிய இராணுவம் இந்த வகை ரைபிளை ஏற்றிருந்தது. அதைப் பெரிதாக்கி, இராணுவம் நினைத்தும் பார்க்காத அளவு மருந்தைத் திணித்ததுதான் இவருடைய வேலை. குறையும் இருந்தது. இரண்டு மூன்று வெடிக்குப் பின் குழலுக்குள் மருந்துக் கரி படியும். அதன்பின் விளிம்பைப் பள்ளத்தோடு பொருத்திச் சன்னத்தை இடித்து இறக்குவது பெரும்பாடு.

நம்முடைய ஊர்களில் இடியன் துவக்கைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை தெரியும். மருந்தை அளந்து வாய்வழியாகக் கொட்டி, சன்னத்தை வைத்து, கோலால் இடித்து, பின்னால் கேப்பைப் பொருத்தவேண்டும். மழையென்றால் மருந்து நனையும். கை நடுங்கினால் அளவு பிசகும். எவ்வளவு கெட்டிக்காரனானாலும் ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் இடையில் கழியும் நேரம் ஒரு யானைக்குத் தாராளமாகப் போதும்.

1843இல் ஹென்றியேட்டா மார்ட்டின் என்ற பெண்ணை மணந்துகொண்டு மொரிஷியஸ் தோட்டத்துக்குப் போன பேக்கர், 1845இல் அந்தத் துவக்கோடு இலங்கைக்கு வந்தார். வந்த காரணம் ஒளிவுமறைவில்லாதது. யானை சுடவேண்டும். இலங்கையில் அப்போது யானைகளை நூற்றுக்கணக்கில் எண்ணிச் சொல்லும் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் பெரிய பெயர் பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ். 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுபவர். பேக்கர் வந்த அதே 1845இல், யூன் 7ஆம் திகதி, ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அந்தக் கல்லறையையும் மின்னல் விடவில்லை என்ற கதையை அங்குள்ளவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இத்தனை யானைகள் விழுந்த நாட்டில் ரைபிளே இல்லை என்பதுதான் பேக்கருக்கு வியப்பு. எல்லோரும் மரையில்லாத 16ஆம், 14ஆம் இலக்கத் துவக்குகளையே பாவித்தார்கள். ஒரு இறாத்தல் ஈயத்தில் எத்தனை உருண்டை வார்க்கலாமோ அதுதான் இலக்கம். ஆக 16ஆம் இலக்கம் என்றால் ஒரு அவுன்ஸ் குண்டு. பேக்கர் கொண்டுவந்தது அதைப்போல மூன்று மடங்கு.

ஆனாலும் நல்ல துவக்கு வைத்திருப்பது வேறு, தேவையான நேரத்தில் அது கையில் இருப்பது வேறு. மின்னேரியாக் குளத்தடியில் தன் சகோதரருடன் எருமை வேட்டைக்குப் போன நாளொன்றை அவர் எழுதியிருக்கிறார். காயப்பட்ட கடா எருமையொன்று வெளியில் இவர்களை மறித்து நின்றது. சன்னம் தீர்ந்துவிட்டது. திரும்பி ஓடினால் எருமை விடாது. பேக்கர் சட்டைப்பையில் இருந்த சில்லறை வெள்ளிக்காசுகளைத் துணித்துண்டில் சுருட்டி, மருந்தை இரட்டிப்பாகப் போட்டு, குழலுக்குள் இடித்து, எருமை பாய்ந்து வந்தபோது முகத்துக்கு நேரே வெடிவைத்தார். எருமை குப்புற விழுந்தது. இருவரும் உயிர் தப்பினார்கள். அந்தச் சில்லறையின் பெறுமதி மூன்று ஷில்லிங் என்று கணக்கும் வைத்திருந்தார்.

சகோதரர்கள் இருவரும் சேர்ந்து மாட்டிக்கொண்ட கதை இது. மற்ற நாட்களில் அவர் பின்னால் எப்போதும் வேறு ஆட்கள் நின்றார்கள். ஒற்றைவெடித் துவக்கை வைத்து யானைக்கு முன்னால் நிற்கிறவன் தனியாக நிற்பதில்லை. முதல் வெடி தவறினால் கையை மட்டும் பின்னால் நீட்டுவான், மருந்திட்ட இரண்டாவது துவக்கு அந்தக் கையில் வந்து விழவேண்டும். பிறகு மூன்றாவது. அவற்றைச் சுமந்து நிற்பவர் சுடமாட்டார், சுட அவருக்கு உரிமையில்லை. யானை அவரையும் சேர்த்தே துரத்தும். வேட்டைக்காரன் ஓட முடிவெடுக்கும்வரை அவரும் ஓடக்கூடாது. துவக்குக் காவிகள் மரத்தில் ஏறிவிட்டார்கள், ஓடிவிட்டார்கள் என்று பேக்கர் குறைபடுவது அவருடைய எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்பது கிலோ இரும்பைக் காட்டுக்குள் நாள் முழுதும் சுமந்து, கடைசியில் வெறுங்கையோடு யானைக்கு முன் நிற்க மறுத்தவரைக் கோழை என்று சொல்வது எவ்வளவு சரி என்பதை வாசிக்கிறவர்கள் தீர்மானிக்கட்டும். ஓரிருவரின் பெயரை அவர் குறித்திருக்கிறார். மற்றவர்கள் சுமை தூக்கியவர்களாகவே வந்துபோகிறார்கள்.

இந்தக் காலத்தில்தான் நம்முடைய முன்னோர்களும் அந்தக் காடுகளுக்குள் நடந்துகொண்டிருந்தார்கள். மன்னாரில் கரையிறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கோப்பித் தோட்டங்களுக்குப் போன பாதை அது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1840களில் இலங்கை வந்த கூலிகளில் 70,000 பேர்வரை இறந்திருப்பார்கள் என்று 1849இல் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை ஒன்று கணக்குப் போட்டது. அந்த மனிதர்களுக்கு அது மதிப்பீடு மட்டும்தான். யானைக்கோ சரியான கணக்கு உண்டு, ஏனென்றால் யானைக்குப் பணம் கொடுத்தார்கள். பயிரை அழிக்கிறது என்று தலைக்கு இவ்வளவு ஷில்லிங் என அரசாங்கம் சன்மானம் வைத்திருந்தது. வடமாகாணத்தில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்கும் குறைந்த காலத்தில் 3,500 யானைகளுக்கு அந்தப் பணம் கோரப்பட்டதாக எமர்சன் டெனன்ட் பதிந்திருக்கிறார். தெற்கில் காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையில் 1851 முதல் 1856வரை 2,000.

டெனன்ட் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர். யானை சுடுவதை அவர் மெச்சவில்லை. வேறு எந்தத் திறமை தேவைப்பட்டாலும், குறி பார்க்கும் திறமை மிகக் குறைவாகத் தேவைப்படுவது யானை வேட்டைக்குத்தான் என்பது அவர் கருத்து. பத்துப் பன்னிரண்டு யார் தூரத்தில் ஒரு மதில் அளவு நிற்கும் மிருகத்தைத் தவறவிடுவது எப்படி? பேக்கர் இதை ஏற்கவில்லை. மூளை இருக்கும் இடம் சிறியது, யானை பாயும்போது அது அசைந்துகொண்டே இருக்கும், அங்கே படாவிட்டால் வேறெங்கே பட்டாலும் பயனில்லை என்பது அவர் கட்சி. தொழில் நுணுக்கத்தில் பேக்கர் பக்கம் நியாயம் உண்டு. மற்றதில் டெனன்ட் பக்கம்.

காட்டில் திரிந்த பேக்கரைக் காய்ச்சல் பிடித்தது. உடம்பு தேற நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். 6,000 அடிக்கு மேற்பட்ட அந்தக் குளிரில் இரண்டு கிழமையில் எழுந்து நடமாடினார். இங்கேயே ஓர் ஆங்கிலக் கிராமத்தை அமைத்துவிடலாம் என்ற யோசனை அப்போது வந்தது. இங்கிலாந்துக்குப் போய், ஏக்கர் 20 ஷில்லிங் வீதம் அரசாங்கத்திடம் நிலம் வாங்கி, 1848 செப்டம்பரில் ஒரு கப்பலை அமர்த்திக்கொண்டு திரும்பினார். பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர், நல்லின மாடுகள், செம்மறிகள், வேட்டை நாய்கள், குதிரை வண்டி எல்லாம் வந்தன. மாத்தளைக் கலவரம் நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத நாட்கள் அவை. அந்தக் கலவரத்தில் சுடப்பட்டவர்கள் வேறு கணக்கு.

பூண்டுலோயாவுக்கு அண்டையில் உள்ள றம்பொடைக் கணவாய்தான் அந்தச் சாமான்கள் ஏறிய வழி. குதிரைவண்டி பள்ளத்தில் விழுந்து நொறுங்கியது. குடித்திருந்த குதிரைக்காரர் அதன்பின் யானை ஒன்றைக் கணவாயில் விரட்டு விரட்டென்று விரட்ட, அதுவும் செத்தது. வந்த மாடும் செம்மறியும் நோயில் விழுந்தன. விதைத்ததைக் காட்டுப்பன்றியும் மரையும் தின்றன. பேக்கர் மனம் தளராமல் யானையைப் பூட்டி உழுதார். மகாகஸ்தோட்டை என்ற பெயர் அந்தப் பண்ணையிலிருந்து இன்றுவரை நிற்கிறது. உழாத நாட்களில் வேட்டை. நுவரெலியாவைச் சுற்றியும் ஹோர்ட்டன் சமவெளியிலும் அப்போது யானைக்கூட்டம் உண்டு. இன்று தேயிலை நிற்கும் சரிவுகளெல்லாம் அடர்ந்த காடு.

இரண்டாவது வருகையில் அவர் கொண்டுவந்த துவக்குகளைக் கவனிக்கவேண்டும். பீட்டி என்ற லண்டன் கம்மியர் செய்த 10ஆம் இலக்க ரைபிள்கள் நான்கு, ஒவ்வொன்றும் 15 இறாத்தல், எல்லாம் இரட்டைக் குழல். ஒற்றைவெடியை அவர் கைவிடவில்லை. தூரத்துக் குறிக்கு அதுதான் நம்பிக்கையானது. இரண்டு குழல்களை ஒட்டும்போது இரண்டின் குறியும் ஒரே இடத்தில் கூடும்படி செய்வது கம்மியருக்குத் தலைவேதனை, ஒரு குழலில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பாய்ந்து வரும் மிருகத்துக்கு முன்னால் இரண்டாவது வெடி தன் கையிலேயே இருக்கவேண்டும், பின்னால் நிற்பவரின் கையில் அல்ல என்று அனுபவம் அவருக்குக் காட்டியிருந்தது.

1855இல் மறுபடி காய்ச்சல். குடும்பம் இலங்கையை விட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹென்றியேட்டா பிரான்சில் காய்ச்சலால் இறந்தார். நான்கு பெண்பிள்ளைகளைத் தன் சகோதரியிடம் விட்டுவிட்டு பேக்கர் ஐரோப்பாவெங்கும் அலைந்தார். 1859இல் துருக்கியரின் ஆட்சிக்குட்பட்ட விடின் என்ற நகரத்து அடிமைச் சந்தையில் ஃப்ளோரன்ஸ் என்ற இளம்பெண்ணைக் கண்டு தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். பிறகு அவரையே மணந்தார். இருவரும் சேர்ந்து நைல் வழியே போய் 1864 மார்ச் 14ஆம் திகதி ஒரு பெரிய ஏரிக்கரையை அடைந்தார்கள். அதற்கு விக்டோரியா ராணியின் மறைந்த கணவர் அல்பேர்ட்டின் பெயரை வைத்தார். அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் வைத்திருந்த பெயர் தேசப்படத்திலிருந்து போயிற்று. 1866இல் சேர் பட்டம் கிடைத்தது.

ஆபிரிக்காவுக்கு அவர் கொண்டுபோன ஒற்றைக் குழல் துவக்கொன்றின் செல்லப்பெயர் குழந்தை. அரை இறாத்தல் வெடிகுண்டைச் சுடும் துவக்கு அது. சுட்டால் இத்தனை பலசாலியையும் சுழற்றிவிடும். அதைச் சுட அவரே அஞ்சினார், அபூர்வமாகத்தான் எடுத்தார். 19 வயதில் தொடங்கிய கனதியான சன்னம், நிறைய மருந்து என்ற யோசனையை அதன் எல்லைவரை கொண்டுபோனால் கடைசியில் சுடமுடியாத துவக்குத்தான் மிஞ்சும்.

1869இல் எகிப்திய அரசர் இஸ்மாயில் அவரை மேல்நைல் பிரதேசத்துக்கு ஆளுநராக்கினார். சம்பளம் ஆண்டுக்கு 10,000 பவுண். அடிமை வியாபாரத்தை ஒழிப்பது பணி. கரும்புத் தோட்டக் குடும்பத்துப் பிள்ளைக்கு விதி வைத்த வேலை. அடிமை வியாபாரிகளோடு உண்மையாகவே மோதினார், பலரை விடுவித்தார். கூடவே மக்களின் நிலத்தை எகிப்துக்கென்று பிரகடனம் செய்தார், தானியம் தர மறுத்த ஊர்களின் மாடுகளைப் பிடித்தார். அவருடைய மெய்க்காவல் படையின் கையில் இருந்தது ஸ்னைடர் ரைபிள். அதுவும் ஒற்றைவெடிதான், ஆனால் பின்பக்கத்தால் தோட்டாவைப் போடலாம். இடிக்கும் கோலும் பின்னால் நிற்கும் காவியும் தேவையில்லாமல் போயின. 1872 யூனில் மசிந்தி என்ற இடத்தில் பன்யோரோ மக்கள் அவர்மீது திரண்டு வந்தபோது அந்தத் துவக்குகள்தான் அவரைக் காப்பாற்றின. ஊரை எரித்துவிட்டுப் பின்வாங்கினார். யானைக்கென்று யோசித்த கருவி மனிதரை நோக்கித் திரும்ப அதிக காலம் எடுக்கவில்லை.

இதற்கிடையில் இங்கிலாந்தில் பலகைக்குச் சுடுவது பெரிய விளையாட்டாகிவிட்டது. 1860 யூலை 2ஆம் திகதி விம்பிள்டனில் தேசிய ரைபிள் போட்டியை விக்டோரியா ராணியே முதல் வெடியைச் சுட்டுத் தொடக்கிவைத்தார். தாங்கியில் அசையாமல் பூட்டிய விட்வேர்த் ரைபிள், தூரம் 400 யார், அடி ஏறத்தாழ நடுவில். விட்வேர்த்தின் வழி பேக்கரின் வழிக்கு எதிர்மாறானது. ஒடுங்கிய குழல், நீண்ட சன்னம், விரைவான மரைச்சுற்று, அளவான மருந்து. நீண்ட சன்னத்துக்கு வேகமான சுழற்சி வேண்டும், உருண்டைச் சன்னத்துக்கு மெதுவான சுழற்சி போதும். பழையவகை ஒற்றைவெடி ரைபிள்களுக்கென்றே மேல்நாடுகளில் இன்றும் போட்டிகள் நடக்கின்றன. அதற்குத் துவக்குத் தெரிகிறவர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான்: இந்த மரைச்சுற்று எந்த நீளச் சன்னத்துக்கு, இந்தக் குழலின் பாரத்தை நாள் முழுதும் நின்று சுடத் தன் தோள் தாங்குமா, ஒவ்வொரு தடவையும் மருந்தை ஒரே அளவில் போட முடியுமா. பேக்கர் 1840இல் கிப்ஸின் கடையில் கேட்ட கேள்விகளில் யானை ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் இவைதான் மிஞ்சும்.

மலையகத்துக்கும் அந்த விளையாட்டு வந்தது. 1900இல் தோட்டத்துரைமாரின் ரைபிள் படை அமைக்கப்பட்டது. வெள்ளைக்காரத் துரைமாருக்கு மட்டுமே இடம். குறிசுடுவது அவர்களுக்குப் பயிற்சி, பொழுதுபோக்கு, கௌரவம் மூன்றுமாக இருந்தது. லயத்திலிருந்த ஒருவருக்குத் துவக்கோடு இருந்த உறவு, அதைத் துடைத்து வைப்பது அல்லது அதற்கு முன்னால் நிற்பது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்ட பகுதி முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டபோது கோவிந்தன் நின்ற இடம் அதுதான். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் உயிர்ப்பலி என்று இன்றும் நினைக்கப்படுகிறார்.

பேக்கர் 1893 டிசம்பர் 30ஆம் திகதி, 72 வயதில், இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் தன் வீட்டில் இறந்தார். அதற்கு மூன்று ஆண்டு முன்னர் வெளியிட்ட பெரிய நூலிலும் முதலில் பேசியது துவக்குகளைப் பற்றித்தான். எந்த மிருகத்துக்கு எத்தனை அவுன்ஸ், எத்தனை டிராம் என்று. கிப்ஸ் செய்த ரைபிளை அரை நூற்றாண்டு கழித்தும் மறக்கவில்லை.

அவர் இறக்கும்போது அவருக்குத் தெரிந்த மலைநாடு இல்லை. கோப்பி வந்து, நோயில் அழிந்து, தேயிலை ஏறிவிட்டது. பூண்டுலோயாவைச் சுற்றிய சரிவுகளும் அப்படியே. யானை மலையிலிருந்து பெரும்பாலும் போய்விட்டது. இன்று இங்குள்ள பிள்ளை யானையைப் பார்ப்பது கண்டிப் பெரஹராவில்.

யானை இருப்பது கீழே, காய்ந்த நாட்டில். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 5,879. அண்மை ஆண்டுகளில் வருடத்துக்கு 300க்கு மேல் சாகின்றன. கட்டுத்துவக்கு, பன்றிக்கு வைக்கும் வாய்வெடி, மின்வேலி, ரயில் என்று காரணங்கள். மனிதரும் சாகிறார்கள். 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்கும் பின் மலையிலிருந்து இறங்கி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் பலர் இருப்பது அந்தக் காட்டோரத்தில்தான். யுத்தம் அவர்களை அங்கிருந்தும் கிளப்பியது. திரும்பி வந்தபோது கிணறு தூர்ந்திருந்தது, வீடு இல்லை, காடு வாசல்வரை வந்திருந்தது, காட்டோடு யானையும். இப்போது நெல் முற்றும் மாதங்களில் பரண் கட்டி, நெருப்பு மூட்டி, தகரம் தட்டி விடிய விடிய விழித்திருக்கிறார்கள். கையில் இருப்பது வனசீவராசிகள் திணைக்களம் தரும் யானைவெடி. ஒரு தடவை கொளுத்தினால் ஒரு வெடி. யானை பழகிவிட்டால் அதற்கும் நகராது.